மாடிக்கு ஒரு தொலைபேசி

கிள்ளான் நகரத்தைச் சுற்றியுள்ள தாமான்களில் வரிசை வரிசையாக நிற்கும் இரட்டை மாடி வீடுகளில், தொலைபேசி பெரும்பாலும் கீழ்த்தளத்து வரவேற்பறையில், தொலைக்காட்சி மேசைக்கு அருகே வீற்றிருக்கும். அதை நாடி வரும் அழைப்புகளில் அநேகம், மாடியறையில் முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ உரியவையாயிருக்கும். மணி அடித்து, அவர்கள் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி இரண்டு படி இறங்குவதற்குள் ஓசை நின்றுவிடும். ஆதலால், "மேலே இன்னொரு போன் போட்டுவிட்டால் என்ன?" என்ற பேச்சு எழாத குடும்பம் அரிது. கைப்பேசி வந்தபின் இப்பேச்சு ஓய்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், எண்பது வயதைக் கடந்தவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழாதவர்கள்.

கேள்வி சிறியதுதான், விடையோ கேட்கும் இடத்துக்கு ஒன்றாக மாறுகிறது. வயர்மேனைக் கேட்டால், ஓர் இணைக் கம்பி இழுத்து மாடிக்குக் கொண்டுபோனால் போதும் என்பார். ஜாலான் தெங்கு கெலானாவிலோ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள மின்சாதனக் கடைக்காரர், கம்பியே வேண்டாம், கம்பியில்லாப் போன் ஜோடியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பார். சேவை நிறுவனத்துக்குப் போன் செய்தாலோ, இரண்டாவது இணைப்புக்கு மனுச் செய்யுங்கள் என்ற பதில் வரும். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தொலைபேசியின் சரித்திரத்தில் ஒவ்வொரு காலகட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதே குழப்பத்தின் காரணம். வீட்டில் பிராட்பேண்ட் எந்த வழியாக நுழைகிறது, ரிசீவரை எடுத்ததும் கேட்கும் டயல் டோன் எங்கே பிறக்கிறது என்ற இரண்டையும் நிர்ணயம் செய்துகொண்டால், மற்றவை தாமே ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன.

மலேசியத் தொலைபேசியின் பூர்வ கதையை விரிவாகச் சொல்ல இது இடமன்று. கோலாலம்பூரில் முதல் தொலைபேசி நிலையம் 1891இல் ஏற்பட்டது. இன்று டெலிகோம் அரும்பொருளகமாக விளங்கும் தூண்கள் நிறைந்த வெண்ணிறக் கட்டடம் 1928இல் தொலைபேசி நிலையமாகவே எழுப்பப்பட்டது. 1946இல் தொலைத்தொடர்பு தனி இலாகாவாயிற்று. ரயில்வேயிலும் தபால் தந்தி அலுவலகங்களிலும் குமாஸ்தாக்களாக வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்த யாழ்ப்பாணத்தார் பலருக்கு, தந்திக் கம்பிகள் குடும்பத் தொழிலின் சின்னமாகவே இருந்தன. நமக்கு இங்கே முக்கியமான விஷயம் வேறு. இலாகாவின் காலத்தில் கம்பியும் கருவியும் இலாகாவின் உடைமை. எக்ஸ்டென்ஷன் வேண்டுமானால் மனுக் கொடுக்க வேண்டும். உத்தியோகஸ்தர் வந்து பொருத்திக் கொடுப்பார். பழுதானால் அவரே வந்து பார்ப்பார். புதிய இணைப்புக்காகக் காத்திருந்தோரின் பட்டியல் நீண்டுகொண்டே போனதால்தான், 1983இல் நான்கு தனியார் கம்பெனிகளிடம் கேபிள் பதிக்கும் பெருங்குத்தகை ஒப்படைக்கப்பட்டது. 1987இல் இலாகா டெலிகோம் நிறுவனமாக மாறி, 1990இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. அதன்பின் கருவி, மெல்ல மெல்ல, கடையில் வாங்கும் சரக்காயிற்று.

அந்தச் செப்புக் கம்பியின் குணம் ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசி நிலையத்தின் பாட்டரிகளிலிருந்து ஏறக்குறைய 48 வோல்ட் நேர்மின்சாரம் அதன் வழியாக இரவும் பகலும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மணியடிக்க வேண்டிய கணத்தில் 75 முதல் 90 வோல்ட் வரையுள்ள மாறுமின்சாரம் அதன்மேல் ஏறிவந்தது. ஊர் முழுவதும் இருண்டாலும் போன் பேசியதன் ரகசியம் இதுவே. மாடியில் இன்னொரு கருவியை வைப்பதென்றால், இதே இரு கம்பிகளிலிருந்து கிளை பிரித்து இணையாகக் கோத்துவிட்டால் போதும். கிளைகள் நாலைந்துக்கு மேற்பட்டால் மணியடிக்கும் சக்தி பங்கிடப்பட்டு ஓசை மெலியும், அவ்வளவுதான். நம்முடைய வயர்மேன் இன்றும் இந்தக் காலத்தில்தான் வாழ்கிறார்.

2001இல் டெலிகோமின் ஸ்ட்ரீமிக்ஸ் பிராட்பேண்ட் சேவை வந்தபோது, அதே கம்பியின்மீது இரண்டாவது போக்குவரத்து ஏறியது. மனிதக் குரல் வினாடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு உட்பட்ட கீழ்ப்பகுதியில் செல்ல, இணையம் ஏறக்குறைய 25,000 முதல் பதினொரு லட்சம் அதிர்வுகள் வரையுள்ள மேற்பகுதியில் சென்றது. இவ்விரண்டையும் பிரித்துவைக்கும் சிறிய வடிகட்டி, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியதான ஒரு வெள்ளைப் பெட்டி, மோடத்துடன் வந்தது. வரவேற்பறைப் போனுக்கு அதை மாட்டியவர்கள், மாடியில் புதிதாகப் பொருத்திய போனுக்கு மாட்ட மறந்தார்கள். மறந்த வீடுகளில் பேச்சினூடே கரகரப்பு கேட்டது, அல்லது பாட்டி ரிசீவரை எடுத்த கணத்தில் பேரனின் இணையம் அறுந்தது. ஃபாக்ஸ் யந்திரம், திருடர் அபாய மணி ஆகிய, போன் கம்பியைத் தொடும் யாவற்றுக்கும் தனித்தனி வடிகட்டி வேண்டும் என்பது விதி. கருவி எதுவும் மாட்டப்படாமல் சுவருக்குள் முடிந்துபோகும் கிளைக் கம்பியும் தீங்கற்றதன்று; சமிக்ஞை அதன் முனைவரை ஓடி, மோதித் திரும்பி வந்து, மூலச் சமிக்ஞையையே கெடுக்கும். "லைன் சரியாகத்தான் இருக்கிறது" என்று பரிசோதகர் சொல்லிச் சென்ற பின்பும் வேகம் ஏறாத வீடுகள் சிலவற்றில், குற்றவாளி படுக்கையறைச் சாக்கெட்டில் ஒளிந்திருந்தான்.

இத்துடன் இடியைப் பற்றியும் சொல்லவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு, உலகத்திலேயே இடி மிகுந்த பிரதேசங்களுள் ஒன்று. ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இங்கே இடி முழக்கம் கேட்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தவுடன் தாய்மார்கள் கொடியிலுள்ள துணியை எடுப்பதற்கு முன் மோடத்தின் கம்பிகளைப் பிடுங்கிவிடும் பழக்கம் ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் வேரூன்றியது, அது மூடநம்பிக்கையன்று. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் செப்புக் கம்பி, மின்னலின் சக்தியைக் கருவிவரை கொண்டுவந்து சேர்க்கவல்லது. மாடிக்கு இழுத்த ஒவ்வொரு கிளையும் அதன் கை எட்டும் தூரத்தை நீட்டிக் கொடுத்தது.

அரசாங்கமும் டெலிகோமும் 2008இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, 2010 மார்ச்சில் யுனிஃபை என்னும் கண்ணாடி இழைச் சேவை தொடங்கியது. பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம் ஆகிய பகுதிகளுக்கு முதலில் வந்த கண்ணாடி இழை, பின்னர் கிள்ளானுக்கும் அப்பாலும் பரவிற்று. அன்று வினாடிக்கு 5, 10, 20 மெகாபிட் என்ற வேகங்களே ஆச்சரியமாகப் பேசப்பட்டன. ஆனால் வீட்டுத் தொலைபேசியைப் பொறுத்தவரை, வேகத்தைவிடப் பெரிய மாறுதல் ஒன்று சந்தடியில்லாமல் நிகழ்ந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, ஒளிதான் வரும். ஆகவே 48 வோல்ட்டும் மணியோசைக்கு வேண்டிய சக்தியும் டயல் டோனும், இனி வீட்டுச் சுவரில் பொருத்திய ஒரு சிறு பெட்டிக்குள்ளேயே உற்பத்தியாக வேண்டியதாயிற்று. நூறாண்டுக் காலம் தொலைபேசி நிலையம் செய்துவந்த காரியத்தை, வீட்டுக்காரர் தம் சொந்த மின்கட்டணத்தில் செய்யத் தொடங்கினார். இதை அவருக்கு எவரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

இதன் முதல் விளைவாக, வீடு கட்டிய காலத்தில் படுக்கையறைகளில் வைத்த பழைய சாக்கெட்டுகள் ஒரே நாளில் உயிரிழந்தன. கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டில், இழை பொருத்த வந்த இளைஞர் வரவேற்பறையில் பெட்டியை மாட்டி, அதிலிருந்து ஒரு போனை இணைத்துவிட்டுப் போய்விட்டார். மாடியறையில் இருபது ஆண்டுகளாக ஒலித்துவந்த போன் ஊமையாயிற்று. ஆசிரியர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் போனுக்கென்று இரண்டு துவாரங்கள் இருந்தன. இரண்டாவது துவாரம் மாடிக்காகத்தான் என்று முடிவு செய்து, நீண்ட கம்பி ஒன்றை வாங்கிப் படிக்கட்டு ஓரமாக ஆணியடித்துக் கொண்டுபோனார். மாடியில் டோன் கேட்கவில்லை. கேட்கவும் கேட்காது, ஏனெனில் அந்த இரண்டாவது துவாரம் இன்னொரு இலக்கத்துக்கு உரியது. நிறுவனம் அதற்கெனத் தனி இலக்கம் ஒதுக்கினால்தான் அது உயிர்பெறும். இரண்டாவது கருவி வேறு, இரண்டாவது இலக்கம் வேறு என்ற இந்தப் பேதத்தை அறியாமல் நம்மவர் செலவழித்த கம்பி, கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே கட்டத் தேறும்.

ஆசிரியரின் தேவைக்கு வழி, முதல் துவாரத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து வரும் இணைப்பை இரு கிளையாகப் பிரிக்கும் சிறு உபகரணத்தைக் கொண்டு, ஒரு கிளையைக் கீழ்ப்போனுக்கும் மற்றொன்றை அருகிலுள்ள பழைய சுவர்ச் சாக்கெட்டுக்கும் கொடுத்தால், வீட்டின் உட்கம்பிகள் அனைத்தும் மீண்டும் பேசும். ஆனால் இதைச் செய்யுமுன் செய்தே தீரவேண்டிய காரியம் ஒன்று உண்டு: வெளிக் கம்பத்திலிருந்து வரும் பழைய செப்புக் கம்பியை, வீட்டுக்குள் நுழையும் சந்திப்புப் பெட்டியிலேயே துண்டித்துவிட வேண்டும். அந்தக் கம்பியில் இன்னமும் நிலையத்தின் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். அல்லது எங்கோ மழைநீர் இறங்கி இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். முன்னதாயின், இரண்டு மின்மூலங்கள் எதிரெதிரே மோதிப் பெட்டி கெடும். பின்னதாயின், ரிசீவர் எடுத்துவைக்கப்பட்டிருப்பதாகப் பெட்டி எண்ணிக்கொண்டு மணியே அடிக்காமல் கிடக்கும். பழைய சாக்கெட்டில் டோன் கேட்காததால் கம்பி செத்துவிட்டது என்று தீர்மானிப்பது தவறு. கண்ணால் பார்த்துக் கத்தரித்தபின்தான் நம்பவேண்டும். மேலும், சுவர்ப்பெட்டி கொடுக்கும் மணிசக்தி தொலைபேசி நிலையம் கொடுத்த அளவுக்குத் தாராளமானதன்று. நவீனக் கருவிகள் இரண்டு மூன்றைச் சிரமமின்றி ஒலிக்கச் செய்யும், பழைய மணிக்கருவிகளுக்கோ திணறும். தாத்தாவின் கறுப்பு டயல் போனை அலங்காரத்துக்காக மீண்டும் உயிர்ப்பிக்க விரும்பும் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: அழைப்பு வந்தால் அது கம்பீரமாக ஒலிக்கக்கூடும், ஆனால் வட்டைச் சுழற்றும் துடிப்புகளைப் புரிந்துகொள்ளாத பெட்டிகள் அநேகம், ஆதலால் அதிலிருந்து ஒருவரை அழைக்க முடியாமற் போகலாம்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் நிலைமை சற்று வேறு. பழைய கொண்டோமினியங்கள் சிலவற்றில் கண்ணாடி இழை கட்டடத்தின் அடித்தளம்வரை வந்து, அங்கிருந்து மாடிகளுக்குப் பழைய செப்புக் கம்பிகளே ஏறிச் செல்கின்றன. அத்தகைய வீட்டில் செப்பைக் கத்தரித்தால் இணையமும் சேர்ந்தே போய்விடும். மோடத்திலிருந்து கிளம்பும் உட்கம்பியை மட்டும், உள்ளே வரும் கம்பியினின்று தனியே பிரித்துக் கிளைபரப்ப வேண்டும். சுவருக்குள் எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதை அறிந்த ஒருவர் உடனிருந்தாலன்றி இதில் கைவைக்காதிருப்பது உத்தமம்.

இத்தனை தொல்லைக்கும் மாற்றாகக் கடைக்காரர் நீட்டும் கம்பியில்லாப் போனே, என் அபிப்பிராயத்தில், பெரும்பான்மையான குடும்பங்களுக்கு ஏற்றது. ஒரு மூலக்கருவி சுவர்ப்பெட்டியின் முதல் துவாரத்தில் அமர்ந்துகொள்ளும். கைக்கருவிகள் மாடியிலும் சமையற்கட்டிலும் தத்தம் தொட்டில்களில் இருக்கும். பல மூலக்கருவிகள் ஆறு கைக்கருவிகள் வரை ஏற்கும். இன்றைய டெக்ட் ரகக் கருவிகள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பிரத்தியேக அலைவரிசையில் இயங்குவதால், வைஃபையோடு சண்டையிடுவதில்லை, முன்பு 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய ரகங்கள் பேசும்போதெல்லாம் வைஃபையைத் தடுமாறச் செய்தன. கைக்கருவிக்குக் கைக்கருவி பேசிக்கொள்ளும் வசதி உண்டு என்பதால், சாப்பிட வரும்படி மாடிக்குக் கூவும் வேலையும் மிச்சம். கட்டுக்கம்பி நிறைந்த கான்கிரீட் தளம் அலையைப் பாதிக்குமாகையால், மூலக்கருவியைத் தொலைக்காட்சியின் பின்னே ஒளித்துவைக்காமல் படிக்கட்டுக்கு அருகே வைப்பது நலம்.

இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் கம்பியில்லாப் போனை இங்கே மாட்டக்கூடாது. அந்நாட்டு டெக்ட் கருவிகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன, அப்பகுதியோ நம் நாட்டில் கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. சிரிம் தரச்சான்று முத்திரை பெற்ற கருவியாக வாங்குவதே முறை. மற்றொன்று, கைக்கருவிக்குள் இருக்கும் இரண்டு சிறிய பாட்டரிகள் மறுமறுபடி சக்தியேற்றத்தக்க நிக்கல் வகையைச் சேர்ந்தவை. அவை தேய்ந்தவுடன் பேரன் முனைக் கடைக்கு ஓடி, அதே பருமனுள்ள சாதாரணப் பாட்டரிகளை வாங்கிவந்து போடுவது வழக்கமாக நடப்பது. தொட்டிலில் வைத்ததும் அவற்றுக்குச் சக்தியேற்ற முயன்று கருவி அவற்றைச் சூடாக்கி, கசியவும் வெடிக்கவும் செய்யக்கூடும்.

இன்னொரு போன் வைத்தால் இணைய வேகம் குறையுமோ என்ற அச்சம் பலரிடம் உண்டு. கணக்கைப் பார்த்தால் அச்சம் கரையும். ஒரு சம்பாஷணைக்கு, குரலைச் சுமந்துசெல்லும் தரவுப் பொட்டலங்களின் மேலுறைகளெல்லாம் சேர்த்து, வினாடிக்குச் சுமார் 0.1 மெகாபிட் செலவாகும். 100 மெகாபிட் இணைப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. கருவிகள் ஐந்தானாலும் சம்பாஷணை ஒன்றே.

மெய்யான பிரதிகூலம் வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் சுவர்ப்பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் 999க்கும் வழியில்லை. கம்பியில்லாப் போனின் மூலக்கருவிக்கும் மின்சாரம் வேண்டியிருப்பதால், அது இருமடங்கு ஊனம். இதற்குப் பரிகாரமாக, 12 வோல்ட் பாட்டரிக் காப்பு ஒன்றைச் சுவர்ப்பெட்டிக்கு முன் இணைத்து, கம்பியுள்ள சாதாரணப் போன் ஒன்றையாவது வீட்டில் நிலைநிறுத்துவது விவேகம். பெட்டி 10 வாட் உண்பதாகக் கொண்டால், 40 வாட்-மணி காப்பு மூன்று மணி நேரமேனும் தாங்கும். கம்பியுள்ள போன் தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளின் கீழ்த்தளத்தை மூழ்கடித்தபோது, முழங்கால் உயரத்தில் மாட்டிய பெட்டிகளுக்குக் காப்புப் பாட்டரி இருந்திருந்தாலும் பயன் இராது. தாழ்ந்த தாமான்களில் வசிப்போர், பெட்டியைத் தலைக்கு மேலே மாட்டும்படி இழை பொருத்த வருபவரிடம் அன்றே கேட்டுக்கொள்வது நல்லது. பிற்பாடு இடம் மாற்றுவது எளிதன்று.

எந்த ரகம் என்பதைத் தீர்மானிக்க, பேசப்போகிறவரின் காதும் கண்ணும் கையும்தான் கடைசி நீதிபதிகள். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அதன் கர்னி பயிற்சி நிலையத்தில் பயின்ற பார்வையற்றோர் பலர், அலுவலகங்களின் தொலைபேசி இணைப்புப் பலகைகளில் உத்தியோகம் பார்த்தார்கள். போனின் 5ஆம் பொத்தான்மீது சிறு புடைப்பு ஒன்று இருக்கும். விரல் அதைத் தொட்டதும் மற்ற ஒன்பது இலக்கங்களும் தம் இடத்தில் தெரியவரும். வழவழத்த கண்ணாடித் திரையில் இந்த உபகாரம் இல்லை. கண்புரை கொண்ட முதியவர்களுக்கும் நடுங்கும் விரல்களுக்கும் பெரிய பொத்தான்களும் உரத்த மணியும் உள்ள கம்பிப்போனே சிலாக்கியம். அதைக் கட்டிலருகே வைத்து, கம்பியில்லாதவற்றை இளையோருக்கு விடலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட போன்களைப் பற்றிய பழைய ஆட்சேபணை, ஒட்டுக்கேட்பது. இணையாகக் கோத்த கம்பிப்போன்களில், கீழே ஒருவர் பேசுவதை மாடியில் ரிசீவரை எடுத்து அப்படியே கேட்கலாம். மாமியார் மருமகள் பூசல்களில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. ஆனால் காலம் இக்குறையை ஒருவகை அனுகூலமாகவும் மாற்றியிருக்கிறது. போலீஸ்காரரென்றும் வங்கி அதிகாரியென்றும் வேடமிட்டு, முதியவர்களை வீட்டு இலக்கத்தில் அழைத்து மிரட்டும் மக்காவ் மோசடி பெருகிவிட்ட நாளில், தந்தை நெடுநேரம் தாழ்குரலில் பேசுவதைக் கண்ட மகன் இன்னொரு ரிசீவரை எடுத்துக் கேட்டு இடைமறிக்க முடிவது சிறிய பாதுகாப்பன்று. மோசடிக்கெதிரான 997 இலக்கம் 2022 அக்டோபரில் ஏற்படுத்தப்பட்டது. பணம் போனபின் அழைப்பதற்கு அது. கம்பியில்லாக் கருவிகளிலோ, நடந்துகொண்டிருக்கும் பேச்சில் மற்றொரு கைக்கருவி சேர்வதற்குத் தனிப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். சேர்ந்ததை ஓர் ஒலி காட்டிக்கொடுப்பதும் உண்டு. தனிமையைப் பெரிதாகக் கருதும் குடும்பம் இதையும், தந்தையைப் பற்றிக் கவலைகொண்ட குடும்பம் அதையும் தேர்ந்துகொள்ளலாம்.

நிறுவனம் சொன்ன இரண்டாவது இணைப்பு எப்போது தேவை? ஒரே நேரத்தில் இருவர் வெவ்வேறு மனிதரோடு பேச வேண்டியிருந்தால் மட்டும்: வீட்டிலேயே டியூஷன் நடத்துபவர், முன்கூடத்தில் தையற்கடை வைத்திருப்பவர் போன்றோருக்கு. மற்றவர்கள் மாதாமாதம் அதற்குக் கட்டணம் செலுத்துவது வீண். மலிவான திட்டத்தைக் கண்டு நிறுவனத்தையே மாற்ற எண்ணுவோர், கையெழுத்திடுமுன் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட பழைய 03 இலக்கம் கூடவே வருமா, புதிய நிறுவனம் தரும் ரவுட்டரில் போன் மாட்டும் துவாரம் இருக்கிறதா என்பவை. துவாரமே இல்லாத ரவுட்டர்களும் இப்போது வரத் தொடங்கிவிட்டன.